சட்டிமூடிச் சத்தத்தில் எங்களைப் பழக்கிய அண்ணா

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி ஐம்பது நிமிடம். அண்ணா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தில் என் மகள் பார்த்த நேரம் அது. மொன்றியலுக்கு வெளியே, அறுவடை முடிந்த ஒரு சோள வயலின் ஓரத்தில், அண்ணா நாயின் கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றாராம். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். அண்ணா மறைந்து இன்றைக்கு முப்பத்தொரு நாள். இன்னும் கடிகார முள் அந்த இடத்துக்கு வந்தால் என் கை வேலை செய்ய மறுக்கிறது. எழுத்தில் தடுமாற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா திருகோணமலையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. படிப்பை விட்டு, வானொலி திருத்தும் தொழிலைக் கற்றார். அந்த உழைப்பில் என்னை ஆசிரியையாக்கினார், திருமணம் செய்து வைத்தார். தாம் செய்துகொள்ளவில்லை. சண்டையில் அவரது வானொலிக் கடை எரிந்த பிறகு முதலில் கனடா வந்தவர் அவரே. கணவரை இழந்து நானும் மகளும் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் இரண்டு குளிர்ச்சட்டைகளுடன் நின்றார். மகளுடையது அவளது கணுக்கால் வரை தொங்கியது. "வளருவாள்தானே" என்றார்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சத்தம் கேட்டால் நடுங்குவாள். பனி அள்ளும் நாட்களில், தெருவில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி இங்கே ஒரு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வரும். அது கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அங்கேயே சோறு ஊட்டிய நாட்களும் உண்டு.

அண்ணா கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி, கியூபெக்காரர், பறவை வேட்டையில் பிரியமுள்ளவர். பறவை பதுங்கியிருக்கும் இடத்தை மணத்தால் அறிந்து, அசையாமல் நின்று காட்டும் இனத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கியிருந்தார். முழங்கால் நோவால் அதனுடன் ஓட முடியாமல், பழக்கித் தரமுடியுமா என்று அண்ணாவைக் கேட்டார். வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொடாத, நாய் வளர்த்தே அறியாத என் அண்ணா தலையாட்டிவிட்டு, குட்டியைக் குளிர்ச்சட்டைக்குள் ஒளித்து மெட்ரோவில் கொண்டுவந்தார். அதன் பெயர் கரமேல்.

அன்று மாலையே ஊளை வண்டி வந்தது. மகள் கட்டிலுக்கு அடியில் போனாள். குட்டியும் அவளுக்குப் பின்னால் போனது. அண்ணா தரையில் படுத்து உள்ளே பார்த்து, "எனக்கும் இடமிருக்கோ?" என்று கேட்டார்.

பனி உருகியதும் பாடம் தொடங்கியது. ஒரு குச்சியில் நூல், நூலின் நுனியில் கவுதாரியின் இறக்கை. அதைக் கண்டு நாய் பாயக்கூடாது. ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, சிலைபோல் நிற்க வேண்டும். வெடி கேட்டாலும் அசையக்கூடாது. நிற்பதற்குக் கரமேல் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வெடியில்தான் பிசகியது. ஓட்டப் போட்டிகளில் சுடுவது போன்ற, குண்டில்லாத சிறிய துப்பாக்கியால் முதலாளி வானத்தை நோக்கிச் சுட்டார். நாய் அசையவில்லை. அண்ணாதான் குப்புற விழுந்து நிலத்தோடு படுத்தார். அவர் படுத்ததைக் கண்டே நாய் ஓடியது.

"முதல்ல உனக்குத்தான் கயிறு கட்ட வேணும் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார்" என்று அண்ணாவே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு முதலாளி வேறு வழி சொல்லிக் கொடுத்தார். நாய் சாப்பிடும்போது தூரத்தில் நின்று சட்டிமூடியைத் தட்ட வேண்டும். நாளுக்கு நாள் இரண்டடி கிட்ட வரவேண்டும். அந்தத் தட்டும் வேலையை அண்ணா என் மகளிடம் கொடுத்தார். நான் சண்டை பிடித்தேன்.

"பிள்ளை ஏற்கெனவே பயந்து சாகுது. உங்களுக்கு விசரோ அண்ணா?"

"தட்டுறவளுக்குத் தெரியுமடி, சத்தம் எப்ப வருமெண்டு. எப்ப வருமெண்டு தெரியாத சத்தத்துக்குத்தான் நாங்கள் மூண்டு பேரும் பயம்."

வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் தினமும் மூடிச் சத்தம். மேல்மாடிக் கிரேக்க அம்மா ஜன்னலைத் திறந்து ஏசுவார். அண்ணா கைகூப்புவார். மூன்றாம் வாரம் அந்த அம்மாவே இறங்கி வந்து, இன்னும் பெரிய மூடி ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோடை முடிவதற்குள் மகள், அண்ணாவின் கைக்குள் கை வைத்து அந்தச் சிறிய துப்பாக்கியையும் அழுத்தத் தொடங்கினாள். வயலில் பிரிந்து நின்றால், அடுத்தடுத்து மூன்று வெடி கேட்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று அண்ணாவும் முதலாளியும் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி வயலுக்கு அப்பால், மரங்களுக்குப் பின்னால் நின்றார். காற்றில் மகள் கூப்பிட்டது கேட்கவில்லை. ஆனால் மூன்று வெடி கேட்டது.

அதனால் எங்களுக்கு ஒன்பது நாட்கள் கிடைத்தன. அண்ணா கண் விழித்தார், கதைத்தார், கஞ்சி சரியில்லை என்று குறை சொன்னார். "மேல்மாடி மனிசியின்ர மூடியைத் திருப்பிக் குடுத்துவிடு" என்று எனக்கு நினைவூட்டினார். ஒன்பதாம் நாள் பிற்பகல், என் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண் மூடினார். மூடியைக் கொண்டுபோனபோது, கிரேக்க அம்மா வாங்க மறுத்து அழுதார்.

வயலில் அண்ணாவின் நெஞ்சை அழுத்தி மூச்சைக் காத்த முதலாளிக்கும், வைத்தியசாலைத் தாதியருக்கும், அஹுன்ட்சிக்கிலிருந்தும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்தும் சோறு சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், ஊரில் விளக்கேற்றிய உறவுகளுக்கும் எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டது. இன்னும் ஒருவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி தொலைபேசியில் பிரெஞ்சில் பதறியதில் வைத்தியசாலையின் பெயர் மட்டுமே எனக்கு விளங்கியது. டாக்ஸியில் போனேன். ஆம்புலன்ஸில் கொண்டுவந்த அண்ணாவை உள்ளே வைத்திருந்தார்கள். மகளைக் காணவில்லை. அவளை ஏற்றிவந்த முதலாளியின் வண்டி பாலத்தில் வாகன நெரிசலில் நின்றது எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம், அவள் எங்கோ, எதற்கோ அடியில் ஒளிந்து கிடப்பதாகவே நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

கடைசியில் வண்டி வந்தது. கயிற்றைக் கையில் சுற்றியபடி, முழங்காலெல்லாம் சேறாக மகள் இறங்கினாள். நாயும் இறங்கியது. அவள் அழவில்லை.

"நான்தானம்மா சுட்டனான். மூண்டு தரம். கரமேல் ஓடேல்லை" என்றாள். பிறகு, மாமா இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "நானும் நிலத்தில படுக்கேல்லை. மாமாவிட்டச் சொல்லுங்கோ" என்றாள்.