நான்காம் தாள் எங்கே போனது

என் மகள் பிறந்து முதல் மூன்று மாதம் உடுத்தியதெல்லாம் கட்டட வரைபடங்கள். இன்று இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்று அப்படி இல்லை.

அவள் பிறந்த வருடம் கடைகளில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது கரமனையில் எங்கள் தெரு வழக்கம். பலமுறை தோய்த்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டிதான் வேண்டும். அந்த வருடமோ பழைய வேஷ்டிகளையே எல்லோரும் ஒட்டுப்போட்டு உடுத்திக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஒரு கட்டடக்கலைஞரின் ஆபீசில் பிளான் வரைபவர். முடிவான பிளானை அங்கே காகிதத்தில் வரைய மாட்டார்கள். கஞ்சி ஏற்றி வழவழப்பாக்கிய மெல்லிய டிரேசிங் துணியில் வரைவார்கள். துணியானாலும் ஆபீசில் அதற்குப் பெயர் தாள்தான். பிளானைத் திருத்தி வேறு துணியில் வரைந்துவிட்டால், பழையதன் மேல் நீலப் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி போட்டு ஒரு டிராயருக்குள் தள்ளிவிடுவார்கள். ஆபீசில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அந்த டிராயர் திறக்கும். ஆபீசின் முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் சொல்வார்கள். அவர் தம் கையாலேயே எடுத்துக் கொடுப்பாராம். எனக்கு ஆறு துணி வந்தது.

நனைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு நீளக் கூரையின் மரச்சட்டங்கள் மீன்முள் போல நெருக்கமாக வரையப்பட்டிருந்தன. இவ்வளவு உழைப்பை வாளியில் போடுவதா என்று கை தயங்கியது. கணவரிடம் இரண்டு தடவை கேட்டேன்.

"குறி போட்டாச்சுன்னா அது செத்த பிளான். தைரியமாத் தோய்," என்றார் இரண்டாம் தடவை, கொஞ்சம் சலிப்போடு.

இரண்டு நாள் வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினேன். கஞ்சியோடு மையும் போயிற்று. என் மாமியார் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "மல்லுத்துணி இதுகிட்ட தோத்துது, போ," என்றார்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது சார் காலமானார். அவர் மனைவி மலையாளி, ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நாங்கள் டீச்சர் என்போம். ஆபீசைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பிளான்களையும் போட்டோக்களையும் கடிதக் கட்டுகளையும் பழையது வாங்குபவனுக்குப் போட டீச்சருக்கு மனம் வரவில்லை. பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் நகரத்து ரிக்கார்டு ஆபீசில் போய்க் கேட்டார். வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பட்டியல் வேண்டும், ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் வேண்டும். ஒரு கட்டடத்தின் தாள்கள் எண் வரிசையில் முழுதாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தால் அந்தக் கட்டடத்தையே எடுக்க மாட்டார்கள்.

என் கணவருக்கு அதற்குள் வேறு ஆபீசில் இடம் கிடைத்திருந்தது. நல்ல கையெழுத்து உள்ளவர் யாராவது உண்டா என்று டீச்சர் கேட்டபோது, என் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் இண்டர்மீடியட் வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு என் எழுத்து பால்கணக்கைத் தவிர வேறு எதற்கும் பயன்பட்டதில்லை.

"கைக்கொழந்தையைத் தூக்கிண்டு ஆபீசுக்கா?" என்றார் மாமியார். பிறகு அவரே, "டீச்சர் கேட்டு மாட்டேங்கப்படாது. போயிட்டு வா," என்று பால்புட்டியைக் கழுவி வைத்தார்.

அப்படித்தான் தினமும் காலையில் கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வேலை கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். சுருட்டி வைத்த பிளான்களைப் பிரித்து, மேலே புத்தகங்களைப் பாரம் வைத்து, ஒரு நாள் முழுக்கப் படுக்க விடவேண்டும். துருப்பிடித்த குண்டூசிகளைக் காகிதம் கிழியாமல் எடுக்க வேண்டும். போட்டோவின் முதுகில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எண் எழுத வேண்டும். அலமாரியிலிருந்த பாச்சை உருண்டைகளைக் குழந்தை வாயில் போட்டுவிடுவாளோ என்று மணிக்கொரு தரம் எண்ணிப் பார்ப்பேன். ஒன்று குறைந்தால் அவள் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவுவேன். உருண்டை எப்போதும் அலமாரிக்கு அடியில்தான் கிடக்கும்.

டீச்சர் பள்ளி விட்டு வந்ததும் அன்றைய பட்டியலைப் படிப்பார். பொன்முடி எஸ்டேட் ஆஸ்பத்திரியை மட்டும் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். சார் கடைசியாகக் கட்டியது அது. தோட்டத் தொழிலாளர்களுக்குப் பத்துக் கட்டில். அந்தக் காற்றுக்கும் மழைக்கும் நிற்கிற கூரைக்காக அவர் மலைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறார். "மத்தது எல்லாம் போனாலும் சாரமில்ல, பரவாயில்ல மோளே. ஆஸ்பத்திரி ரிக்கார்டு ஆபீசில் சேரணும்," என்றார் ஒரு நாள்.

மறுநாள் அந்தக் கட்டைப் பிரித்தேன். எட்டுத் தாள். நான்காம் எண்ணில் திருத்திய தாள் இருந்தது. அதில் வராந்தா மட்டும் புதிதாக வரையப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: கூரை மரவேலையில் மாற்றமில்லை, பழைய நான்காம் தாளைப் பார்க்கவும்.

குறிப்பை மூன்று தடவை படித்தேன். பழைய தாளும் இருந்தால்தான் அந்தக் கட்டு முழுது. டிராயரைத் திறந்து, பெருக்கல் குறி போட்ட தாள்களை எல்லாம் தரையில் பரப்பித் தேடினேன். அது அங்கே இருக்காது என்று தேடும்போதே தெரிந்திருந்தது. நான் வாளியில் போட்ட அந்த மீன்முள் சட்டங்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எஸ்டேட்ல இருந்த நகலையும் கரையான் தின்னுடுத்தாம், எப்பவோ லெட்டர் வந்தது," என்றார். பிறகு அவரே, "ஒரு ஞாயித்துக்கிழமை போரும். நானே வரைஞ்சு தரேன். சார் கை எனக்கு வரும். யாருக்குத் தெரியப் போறது?"

"நமக்குத் தெரியுமே."

"நமக்குத் தெரிஞ்சா என்ன? புது ஆபீஸ்ல, பிளானை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்ச்சவன்னு பேர் வந்தா?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வரைந்து வைத்தால் டீச்சருக்கு நிம்மதி, இவருக்கு நிம்மதி. வரையாவிட்டால் ஆஸ்பத்திரியே போய்விடும். மறுநாள் பஸ்ஸில், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றியது. ஆபீஸ் படியில் மறுபடி சொல்லத் தோன்றியது. மத்தியானம் வரை ஒரு வரிகூட எழுதவில்லை.

டீச்சர் வந்து குடையை மூலையில் வைத்தார். நான் குறிப்பைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கணவர் வரைந்து தர நினைப்பதையும் மறைக்காமல் சொன்னேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழாமல் இருக்கக் குழந்தையின் தலையை மோந்துகொண்டு நின்றேன்.

"அந்த உடுப்பு இப்போ எவிடே?" என்று கேட்டார்.

"கிழிஞ்சு கரித்துணி ஆயாச்சு டீச்சர்."

"அப்போ கூரை அடுக்களைக்குப் போயாச்சு," என்றார். அவர் வாயோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அவன் வரைய வேண்டா. நல்லா வரைவான், எனக்குத் தெரியும். ஆனா அது அவரோட கை இல்லல்லோ. வாவையை இங்கே தா," என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். "நீ போட்டோ எடு, லெட்டர் எடு. கூரையைப் பற்றி என்ன உண்டோ எல்லாம் எடு."

இரண்டு நாள் அதையே செய்தோம். கூரை போடும்போது சார் எடுத்த போட்டோக்கள் ஏழு கிடைத்தன, நாலு பக்கத்திலிருந்தும். ஒன்றில் ஓர் ஆசாரி சட்டத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்; சட்டத்தின் பருமன் அவர் தொடையை வைத்தே தெரிகிறது. மர டிப்போவுக்கு எழுதிய கடிதங்களின் நகலில் ஒவ்வொரு சட்டத்தின் நீளமும் அகலமும் இருந்தன. நான் அவற்றுக்கு எண் கொடுத்து, பட்டியலில் நான்காம் தாளுக்கு நேரே எழுதினேன்: பழைய தாள் இல்லை; போட்டோக்களையும் கடிதங்களையும் பார்க்கவும்.

டீச்சர் படித்துவிட்டு, "எங்கே போச்சு என்று எழுதல்லியே?" என்றார்.

பேனாவை மறுபடி மையில் தோய்த்தேன். எழுதினேன்: பட்டியல் எழுதியவரின் குழந்தைக்கு உடுப்புக்காகத் தோய்க்கப்பட்டது.

டீச்சர் என் பேனாவை வாங்கி, அதே வரியில் சில சொற்கள் சேர்த்தார்: ஆபீஸ் தலைவரின் சம்மதத்தோடு.

"டீச்சர், அந்தத் தாள் இன்னும் வேணும்னு சாருக்குத் தெரியாதே," என்றேன்.

"அவர் கையாலே அல்லே தந்தது? குறி போட்டதும் அவர்தான். நீ இரண்டு தடவை கேட்டாய். தரும் முன்னே அவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

மழைக்கு ஐந்து நாள் முன்னால் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிப் போனோம். ரிக்கார்டு ஆபீசில் இருந்தவர் நாஞ்சில் நாட்டுக்காரர். பட்டியலை விரல் வைத்துப் படித்து வந்தவர் அந்த வரியில் நின்றார். இடுப்பில் இருந்த என் மகளைப் பார்த்தார். அவள் அவருடைய மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவதானா ஆளு?"

தலையசைத்தேன்.

"காணலைன்னு மட்டும் எழுதிருந்தா கட்டைத் திருப்பித் தந்திருப்பேன் அம்மா. எங்க போச்சுன்னு தெரிஞ்சாச்சுல்லா, இனி ஒருத்தரும் தேடாண்டாம். சமாச்சாரம்தான் போட்டோவுல கெடக்கே." ஆஸ்பத்திரிக் கட்டை மற்றவற்றோடு அடுக்கி, முத்திரை வைத்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று சாயங்காலம் என் கணவருக்குப் பட்டியலின் நகலைக் காட்டினேன். டீச்சர் சேர்த்த சொற்களை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு டீச்சரிடம் நன்றி சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை டீச்சர் என்மேல் கோபத்தோடு எழுத வைத்திருக்கலாம், எழுதாமலே விடச் சொல்லியிருக்கலாம். அவரோ உண்மையை முழுதாக எழுதவும் வைத்து, அதன் பாரத்தில் பாதியைத் தம் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போது வீட்டில் நான் எதையாவது உடைத்தாலோ தொலைத்தாலோ, ஒளிக்கலாமா என்று முதலில் தோன்றத்தான் செய்கிறது. பிறகு போய்ச் சொல்லிவிடுகிறேன்.