பாப்பாவுக்குத் தைத்த வெள்ளை உடுப்பு

மாஸ்டர் இரண்டு வகையாகத் தைப்பார். உயிரோடு இருப்பவர்களுக்கு மெஷினில், போய்விட்டவர்களுக்குக் கையில். முதல் வகைக்குக் கடை வாசலில் போர்டு தொங்கியது. இரண்டாவதற்கு போர்டு எதற்கு? சபையில் யார் கண்ணை மூடினாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் நேரே மாஸ்டர் கடைக்குத்தான் வருவார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். கார் வைத்திருந்தவரானாலும் கார் துடைத்தவரானாலும் பெட்டிக்குள் படுக்கும்போது ஒரே மாதிரி வெள்ளை அங்கிதான். பை கிடையாது, பொத்தான் கிடையாது, முதுகுப் பக்கம் கட்டிக்கொள்ள நாடா மட்டும். அதை மாஸ்டர் ஓடுதையலில் தைப்பார். ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாக விட்டு ஒரே ஓட்டமாக ஓட்டிக்கொண்டு போகிற தையல் அது. நுனி நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். மற்ற தையல்காரர்கள் மெஷினில் கொடுக்கும் முன் துணி நகராமலிருக்க அதைப் போடுவார்கள், பிறகு பிரித்து எறிந்துவிடுவார்கள். மாஸ்டர் அங்கிக்கு அது மட்டும்தான் தையல்.

ஏன் என்று யாராவது கேட்டால் போதும், மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"நாலு எட்டு நடக்கிற தூரத்துக்கு எதுக்குங்க கெட்டித்தையல்? அங்க போய்ச் சேர்ந்ததும் வேற உடுப்பு குடுத்துருவாங்க. இது சும்மா வழிக்கு."

அழுது வீங்கிய முகத்தோடு வந்தவர்கள்கூட இதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவார்கள். போதகர் இதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார், ஒரு முறையல்ல, பல முறை. இந்த உலகத்துத் துக்கம் ஓடுதையல், வரப்போகிற சந்தோஷமே கெட்டித்தையல் என்பார். அப்போதெல்லாம் மாஸ்டர் பெஞ்சில் ஒரு சாண் உயர்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவிக்கோ பற்றிக்கொண்டு வரும். "ஊருக்கெல்லாம் தைக்கிறீங்களே, உங்க வாய்க்கு ஒரு தையல் போட்டுக்கக் கூடாதா?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்பாள். அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு ஆள்.

அவர்களுக்கு ஒரே மகள். சிறு பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். முப்பது தாண்டியும் வீட்டில் அவள் பேர் பாப்பாதான். கடைக்கு மேலேயே வீடு, இரண்டே அறை. தெருவைப் பார்த்த அறையில் பாப்பாவின் கட்டில் கிடந்தது. புற்றுநோய் என்று தெரிந்து, வெட்டி, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, மறுபடியும் முளைத்து, கடைசியில் டாக்டர்கள், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சபையார் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். "பாக்கியசாலி, நமக்கு முந்திப் போறா" என்றார் ஒருவர். "சந்தோஷமா வழியனுப்பணும்" என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்கள்தான், வாயில்தான் கொஞ்சம் அவசரம். அவள் இன்னும் கட்டிலில் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார்கள். அம்மாக்காரி அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

பாப்பாவோ எல்லாருக்கும் சிரித்த முகம் காட்டினாள். ஒரு நாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா, என் அங்கியயும் எல்லாருக்கும் மாதிரி ஓடுதையல்ல இப்பவே தைச்சுருங்க. தையல்காரர் வீட்டுப் பொண்ணு நான், ட்ரயல் பார்க்காம எந்த உடுப்பையும் வாங்கினதில்ல."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. சரியென்று தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். மகளுக்கு அளவெடுத்து எத்தனையோ வருஷமாகிறது. கண்ணாலேயே வெட்டுவார், ஒரு நூல் பிசகாது. ஆனால் இந்த உடம்பு அவர் கண்ணில் இருந்த உடம்பு இல்லை. தோளில் டேப்பை வைத்தபோது, பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவெடுத்த தோள்தான் அங்கே இருந்தது. டேப் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே கடையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி இறங்கி வந்தாள்.

"ஏங்க, ஊருக்குச் சொன்ன கதைய என் பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. அவளுக்கு மெஷின்ல, ரெட்டைத் தையலாப் போட்டுக் குடுங்க. பிரிஞ்சு தொங்குற மாதிரி ஒரு துணிய என் பிள்ளைக்குப் போட விடமாட்டேன். அவ கடைசியாப் போட்டுக்கப்போற துணி அது."

கடைசி இல்லை என்பதுதானே அவர் காலமெல்லாம் சொல்லிவந்தது? கத்தரிக்கோலை மூடி வைத்தார். மனைவி மேலே போய்விட்டாள்.

மெஷினில் வைத்தால் மகளின் ஆசைக்குத் துரோகம். கையில் ஓட்டினால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடுதையல்தான் போட நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். ஊசி முன்னே போனது. உடனே கை திரும்பிப் பின்னால் வந்து, விட்ட இடத்திலேயே குத்தி, மறுபடி முன்னே போனது. அதுதான் கெட்டித்தையல். துணி கிழிந்தாலும் கிழியும், தையல் விடாது. முதல் ஓரம் முடியுமுன்பே தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊசி திரும்பி வருகிறதே, அது அவருக்குப் பிடித்திருந்தது.

சாயங்கால வெயில் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாப்பா அதைப் போட்டுப் பார்க்கவில்லை. போட முடியவில்லை என்பதே நிஜம், உட்காரவே இரண்டு தலையணை வேண்டியிருந்தது. மடியில் விரித்து, சின்ன வயதிலிருந்து பழகிய கையால் உள்பக்கத்தைத் திருப்பினாள். தையலை விரலால் தடவினாள்.

"அப்பா, இது கெட்டித்தையல்."

"கை அப்படிப் போயிருச்சு பாப்பா."

"உங்க கை அப்படிப் போகாது. எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல நின்றார். மகள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நோய் வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அவர் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்ததில்லை.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள். "இவ்வளவு நாள் பயப்படல. யார் யாரோ வந்து பரலோகத்தப் பத்திச் சொன்னாங்க, அதனால இல்ல. நீங்க கடையில உட்கார்ந்து சொல்லுவீங்களே, அத கீழ்ப்படியில இருந்து கேட்டே வளர்ந்தேன். நீங்க சொன்னா பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரி இருக்கும். அத நம்பித்தான் படுத்திருக்கேன். நீங்களே நம்பலேன்னா நான் எங்கப்பா போவேன்?"

இப்போது ஏதாவது சமாளிக்க வேண்டும். நூல் மாறிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை, அம்மா கேட்டாள் என்று எத்தனையோ சொல்லலாம். சபையே மெச்சுகிற வாய், ஒரு பொய்யா கிடைக்காது? மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நம்புறேன் பாப்பா. உனக்கு அங்க நல்லா இருக்கும், வலி இருக்காது, அந்தச் சந்தோஷம் முடியவே முடியாது. இது பொய்யின்னு ஒரு நாளும் நினைச்சதில்ல, இப்பவும் நினைக்கல. ஆனா நீ போறது எனக்குப் பிடிக்கல. கொஞ்சங்கூடப் பிடிக்கல. மத்தவங்க பிள்ளைங்களுக்குத் தைச்சப்ப எனக்கு வலிக்கல. வலிக்காம இருந்ததைத்தான் நான் நம்பிக்கைன்னு நினைச்சுக்கிட்டேன்."

சொல்லி முடிக்குமுன்பே அழுகை வந்துவிட்டது. பாப்பாவும் அழுதாள். அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், எப்போது வந்தாளோ. சந்தோஷமாக வழியனுப்ப வேண்டும் என்ற பேச்சு தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகத்தான் அழுதிருந்தார்கள். அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள்.

"அழட்டும், விடு" என்றாள் அம்மா, மகளின் கன்னத்தை முந்தானையால் துடைத்தபடி. "ஆண்டவரே சிநேகிதன் கல்லறைக்கு முன்னாடி நின்னு அழுதாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை உயிரோட எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. இந்தப் பாட்டுப் பாட வர்றவங்களுக்கு அது மட்டும் மறந்துபோகுது."

மறுநாள் காலையில் தந்தையும் மகளுமாக அங்கியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அவர் பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுப்பார். கெட்டித்தையலைப் பிரிப்பது லேசில்லை, போட்டவர் மாஸ்டர் வேறு. ஒரு விரல் நீளம் பிரிப்பதற்குள் அவள் களைத்துவிடுவாள். அன்றைக்கு அவ்வளவுதான். அவள் தூங்கின பிறகு, பிரித்த இடத்தை மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்து ஓடுதையலாகப் போடுவார். கீழே கடை பூட்டியே கிடந்தது.

"அங்க உங்களுக்கு வேலையே இருக்காதுப்பா. அங்க உடுப்பு பழசாகாதாம்."

"அப்ப நான் வந்து என்ன பண்றது?"

"பாடலாம்."

"என் குரலுக்கா? கேட்டுக்கு வெளிய நிறுத்திருவாங்க."

பாப்பா சிரித்தாள், சிரித்ததில் வலி எடுத்தது, வலித்ததில் அழுதாள். "நான் போனப்புறம் சாப்பிடாம கிடக்காதீங்க" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் நினைச்சாத்தான் போக மனசு வரல. அங்க போறதுக்குப் பயமில்ல, இப்ப இல்ல." மாஸ்டர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். புதிதாக முளைத்த முடி குழந்தை முடிபோல இருந்தது.

அங்கியின் உடம்புப் பகுதி முடிந்தது, ஒரு கை முடிந்தது. மற்றக் கையைப் பிரித்துப் போட்டிருந்த மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டுத் தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போகும் நேரத்தில், பாப்பா கண்ணைத் திறந்து சன்னல் பக்கம் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறவள்போல மூச்சை இழுத்தாள். அதை விடவில்லை.

அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். மாஸ்டர் எழுந்தார். அங்கியையும் தனியாகக் கிடந்த அந்தக் கைத்துணியையும் வாரிக்கொண்டு, வழியில் வந்த எதையும் பார்க்காமல், படியிறங்கிக் கடைக்குப் போனார். விளக்கைப் போட்டார். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார், நூல் நுழையவில்லை. நுனியை வாயில் வைத்து நனைத்து மறுபடி பார்த்தார். அவர் வாழ்நாளில் சபையார் யாருக்கும் அங்கி தாமதமானதில்லை. இது மட்டும் தாமதமாகக் கூடாது. அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி வந்து எதிரில் நின்றாள்.

"ஒரு கைதான் பாக்கி" என்றார் நிமிராமலே. "ஓடுதையல்தானே, இதோ முடிஞ்சிரும்."

அவர் கையிலிருந்த ஊசியை அவள் வாங்கினாள்.

"ஒரு ஊக்கு குத்திக்கலாம், மிச்சத்த ஆண்டவரு பார்த்துக்குவாரு" என்றாள். "அவ கையில இன்னும் சூடு இருக்குங்க. நீங்க தைச்சு முடிக்கிறதுக்குள்ள அது போயிரும். வந்து பிடிச்சுக்கங்க."

அவர் துணியைப் போட்டுவிட்டு எழுந்து அவள் பின்னாலேயே படியேறினார். கட்டிலின் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ முன்னாடி போம்மா, நாங்க வர்றோம்" என்றார் மாஸ்டர், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி அழுதுகொண்டே. போதகர் வந்து வாசலில் நின்றார். பேச எடுத்த வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சூடு போகும்வரை இருவரும் கையை விடவில்லை.