முயலுக்கு ஊற்றிய கஷாயம்

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கன்றோடு ஒரு பசுவும் சீர்வரிசையாக வரும். என் மனைவி பள்ளிபாளையத்திலிருந்து வந்தபோது பசு வந்தது, கூடவே ஒரு முயலும் வந்தது. வெள்ளை முயல், சிவந்த கண். ஆற்றுக்கு அக்கரையில், ஈரோட்டில், ரயில்வே வேலைக்காரர் ஒருவர் வளர்த்த குட்டிகளில் ஒன்றை அவள் அப்பா கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில், அதுவரை முயல் என்றால் வலை கட்டிப் பிடித்துக் குழம்பு வைக்கிற சமாச்சாரம். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் விருந்து என்றைக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு மானம் போயிற்று.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மா அண்ணன் வீட்டோடு இருந்தார். எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் அவள், இந்தப் பக்கத்து மாடெல்லாம் ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாள். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவள் பட்டுச்சேலையோடு அடுப்பு மூட்டினாள். அதற்குப் பிறகு என்னிடம் அளந்துதான் பேசுவாள். முயலிடம் மட்டும் பேச்சு ஓயாது. சாமி, தழை தின்னு சாமி, இங்க வா சாமி என்று அதனோடுதான் அவள் பொழுது போயிற்று.

மாட்டைப் பற்றிக் கேட்டது ஏன் அப்படிச் சுட்டது என்றால், மாட்டு வைத்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. வயிறு உப்பினாலும் சளி கட்டினாலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். கஷாயம் காய்ச்சி, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் மூங்கில் குழாயை வைத்து ஊற்றினால் எந்தக் காளையும் மடக்மடக்கென்று குடித்துவிடும். என் கையால் புகட்டி வீணான மாடு கிடையாது என்று நானே சொல்லித் திரிவேன்.

முயலுக்குத் தும்மல் வந்தது கடலைக்காய் பறித்த மாதத்தில். காய்ந்த கடலைக்கொடியைத் தீவனத்துக்காக மாட்டுக் கொட்டகையின் பரணில் அடைத்திருந்தோம். பூனைக்குப் பயந்து, ராத்திரியில் முயலை அதே கொட்டகையின் மூலையில் கோழி கவிழ்க்கிற கூடைக்குள் விடுவோம். கொடியை உருவும்போதெல்லாம் தூசி கொட்டும். சாயங்காலமானால் கொசுவை விரட்ட வேப்பிலையும் நொச்சியும் போட்டு மாடுகளுக்குப் புகை மூட்டம் போடுவேன். இதெல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் நடப்பதுதான். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, முயல் தும்மியது.

முதலில் கண்டுபிடித்தவள் அவள். முயல் முன்கால்களால் மூக்கை ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கால்களின் உள்பக்கத்து மயிர் சளி பட்டுச் சடை கட்டியிருந்ததை எனக்குக் காட்டினாள். அவள் ஊரில் தறிக்காரர்கள் பஞ்சுத் தூசியால் இருமுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அங்கே தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்களாம். இது சளி இல்லை, தூசியும் புகையும்தான் என்றாள்.

"ஏனுங்க, இனிமேல் பொகை போட வேண்டாமுங்க. இல்லீன்னா இதைய ஊட்டுக்குள்ள வெச்சுக்கறேன்."

வீடு மனிதர் இருக்கிற இடம் என்றேன். புகை போடாமல் மாட்டைக் கொசு பிடுங்கினால் பள்ளிபாளையத்திலிருந்து உன் அப்பா வந்து விசிறுவாரா என்றும் கேட்டேன். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கை கூடுதலாக வேப்பிலை போட்டேன். இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் போட்டேன்.

நாலைந்து நாளில் தும்மல் நின்றது, மூச்சில் சத்தம் வந்தது. ஈரத்தில் நனைந்த துணியைக் கிழிப்பதுபோல் ஒரு கரகரப்பு. பகல் முழுவதும் அதை வேப்பமரத்து நிழலில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியால் மூக்கைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகு கொஞ்ச நேரம் நன்றாக மூச்சு விடும். பிறகு மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் அவள் துணி துவைக்கக் கிணற்றுக்குப் போயிருந்தாள். நான் முயலைப் பார்த்தேன். ஒரே வேளை கஷாயத்தில் சரியாகிவிடும், அவள் வந்து பார்த்து வாயடைத்துப் போகட்டும் என்று தோன்றியது. மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, மஞ்சள் தூவிக் காய்ச்சினேன். முயல் வாய்க்கு மூங்கில் குழாய் கொள்ளாது. பப்பாளி இலைக் காம்பு ஒன்றை நறுக்கிக்கொண்டேன். முயலை என் துண்டில் சுற்றி மடியில் வைத்து, காளைக்குச் செய்வதுபோலவே தலையைத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் காம்பை வைத்து ஊற்றினேன்.

காளைக்கு மூச்சு விட வேறு வழி இருந்திருக்கும். இதற்கு அந்த அடைத்த மூக்கு ஒன்றுதான். முயல் ஒரு முறை உதறியது. மூக்கிலிருந்து மஞ்சள் நுரை வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தது. முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. விலா இரண்டும் உள்ளே போய்ப் போய் வந்தன. துண்டாலேயே அதன் வாயையும் மார்பையும் துடைத்தேன். காம்பைச் சாணிக்குழியில் எறிந்தேன், சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன், துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டேன். அவள் ஈரத்துணியோடு திரும்பியபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

முயலைப் பார்த்ததும் துணிச் சுமையைப் போட்டுவிட்டு அதைத் தூக்கினாள். மார்பில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தாள். நாமக்கல்லில் மாட்டு ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா, போகலாம் என்றாள். வேறு நாளாயிருந்தால் முயலுக்கு ஆஸ்பத்திரியா என்று ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பேன். அன்று மறுபேச்சு இல்லாமல் காளைகளை அவிழ்த்தேன்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஊரையே புகையில் முழுக வைத்துப் போகும். வேகமாகப் போகலாமே என்று சாலைக்கு வந்ததும் பஸ்ஸைச் சொன்னேன். அந்தப் புகையில் இது நாமக்கல் வரை தாங்காது என்றாள். வண்டியிலேயே போனோம். புழுதி வருகிற பக்கத்தில் சேலைத்துணி ஒன்றை நனைத்துத் தொங்கவிட்டிருந்தாள். காய்ந்ததும் செம்புத் தண்ணீரைத் தெளித்தாள். நான் முன்னால் ஓட்டினேன், அவள் எனக்குப் பின்னால் முயலோடு உட்கார்ந்திருந்தாள்.

விரட்டினால் வண்டி குலுங்கியது, முயல் திணறியது. மெதுவாகப் போனால் வழி குறையவில்லை. என் காது முழுக்கப் பின்னால்தான். கரகரவென்று ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, பிறகு சத்தமே இல்லாமல் ஓர் இடைவெளி. மறுபடி கரகரப்பு வந்தால்தான் தார்க்குச்சியைப் பிடித்த கை தளரும். பாதி வழியில் அப்படி ஒரு பஸ் எங்களைக் கடந்து போயிற்று. கறுப்புப் புகை சாலையை மூடியது. அவள் குனிந்து முயலைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். புகை கலையும்வரை அவளும் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினேன். சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அவள் என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். போலாமுங்க என்றாள். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு எருமைக்குக் கட்டுப்போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. முயலை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், நிறம் நீலம் பாரித்திருந்தது. காதில் குழாயை மாட்டி விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டார். எத்தனை நாளாக, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். அவள் கடலைக்கொடியையும் புகையையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சின்னக் கண்ணாடிக் குவளையில் ஏதோ மருந்தை ஊற்றினார். ஊற்றியவர் நின்று என்னைப் பார்த்தார்.

"வீட்டுல இதுக்கு வாயில ஏதாவது ஊத்தினீங்களா? வெறும் சளின்னா இதைக் குடுக்கலாம். முன்னாடியே எதையாவது ஊத்தி, அது நெஞ்சுக்குள்ள போயிருந்தா, இன்னொரு சொட்டு போனாலும் செத்துடும். சரியாச் சொல்லுங்க."

மாட்டு வைத்தியத்தில் பேர் எடுத்தவன் நான். எருமைக்காரன் வேறு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். குவளை அவர் கையில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இத்தனை வயதில் நான் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன், அந்த நிமிஷம் அளவுக்கு எதுவும் இல்லை. அவர் குனிந்து முயலின் தலையைப் பிடித்தார்.

"ஊத்துனதுதானுங்க," என்றாள் அவள். "மொளகு, பூண்டு, மஞ்சக் கசாயம். இன்னிக்குக் காத்தால."

டாக்டர் குவளையைத் தள்ளி வைத்தார். முயலை எடுத்து, உடம்பை உள்ளங்கையில் தாங்கி, தலையைக் கொஞ்சநேரம் தாழ்த்திப் பிடித்தார். மூக்கிலிருந்து மஞ்சள் நீர் சொட்டியது. பஞ்சால் துடைத்தார். மறுபடி தாழ்த்தினார், மறுபடி துடைத்தார். பிறகு நிமிர்த்தி அவள் மடியில் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் அசையாமல் உட்காரச் சொன்னார். வாயில் எதையும் விடக்கூடாது, தானாகத் தின்றால் பிழைக்கும் என்றார்.

உட்கார்ந்தோம். வெயில் மரத்தின் அந்தப் பக்கம் இறங்கும்வரை உட்கார்ந்தோம். நான் அருகம்புல்லைப் பிடுங்கிக் கழுவி உதறிக் கொண்டுவந்தேன். அதன் மூக்கருகே வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தபடியே இருந்தது. நான் தெய்வத்தை வேண்டிக்கொண்டேன். முயலுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் இன்றும் தெரியாது. கடைசியில் வாய் மூடியது. மூக்கு துடித்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, ஒரு புல்லின் நுனியைக் கவ்வியது. அந்த ஒரு புல்லைத் தின்று முடிக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்! டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

முயல் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தது. வீட்டுக்குள்தான் இருந்தது. கடலைக்கொடிப் பரணை நானே பிரித்து, களத்துக்கு அந்தப் பக்கம் கொடியைப் போராகக் குவித்தேன். புகை மூட்டம் கொட்டகையின் கடைசிக்குப் போயிற்று, காற்றடிக்கிற திசை பார்த்துத்தான் மூட்டினேன். மூச்சில் அந்தக் கரகரப்பு மட்டும் முழுக்க விடவில்லை. குளிர் காலத்தில் அது அடுக்களை மூலையில் தூங்கும்போது நன்றாகக் கேட்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நான் கையை நிறுத்திக் கேட்பேன்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். நாமக்கல் எல்லை தாண்டியதும் கேட்டேன், கஷாயம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று.

"உங்க தலைத்துண்டுல மொளகு பூண்டு வாசத்தோட அத்தன பெரிய மஞ்சக் கறைங்க. வழியெல்லாம் அதையத்தான பாத்துட்டு வந்தேன்."

தலைக்குக் கை போயிற்று. துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டேன். வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு, தெரிந்திருந்தும் ஏன் வழியிலேயே கேட்கவில்லை என்றேன். என் குரலில் பழைய சூடு கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அவள் குனிந்து முயலின் மூச்சைக் கேட்டாள்.

"கேட்டிருந்தா நீங்க வண்டியத் திருப்பியிருப்பீங்க," என்றாள்.