மாமாவுக்கு மடி வந்த வருஷம்

எங்கள் பட்டறையின் சோதனைக் கருவி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிம்மக்கல்லிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் வரும். வாசலில் இறங்கி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அல்வா வாங்கியாச்சா மாப்ள?" என்று அப்பாவைக் கேட்கும். அம்மாவின் மூத்த அண்ணன், என் மாமா.

செல்லூரில் ஒரு சந்துக்குள் அப்பா இரும்பு மடக்கு நாற்காலி செய்துகொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வாடகைக்குப் போகும் நாற்காலிகள். அவற்றில் யார் உட்காருவார்கள், எப்படி உட்காருவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே மிக மோசமான ஆளை நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. எங்கள் சொந்தபந்தத்தில் அப்படிக் கிடைத்தவர் மாமாதான். வெல்ல மண்டி வைத்திருந்தார். மண்டிக்கு ஏற்ற உடம்பு. பாலத்து ஏற்றத்தில் ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. மாமா முதலில் பொத்தென்று உட்காருவார். அப்புறம் நன்றாகச் சாய்வார். கடைசியில் கால்மேல் கால் போட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் ரகசியம் சொல்வதுபோல் ஒரு பக்கமாக ஒருக்களிப்பார். கல்யாண வீட்டில் நாற்காலி உடைவது இந்தக் கடைசியில்தான் என்பது அவர் கட்சி. பிழைத்த நாற்காலியின் அடியில் வெல்டர் அண்ணன் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். எல்லாம் முடிந்ததும் கருவிக்குக் கூலி: நெய் ஒழுகும் அல்வாவும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பியும். பின்னாளில் உத்தியோகக் காலம் முழுவதையும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கழித்த நான், கண்ணாடி அறைக்குள் குளிர்சாதனம் போட்டு வைத்த சோதனை இயந்திரங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். ரகசியம் சொல்லத் தெரிந்த இயந்திரம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அப்போது ஆறு வயது. மாமாவிடம் நான் கண்ட ஒரே குறை, அவருக்கு மடி கிடையாது என்பது. உட்கார்ந்தால் தொந்தி முழங்கால்வரை வந்து அந்த இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஏறிப் பார்த்து வழுக்கி விழுந்திருக்கிறேன்.

அந்த வருஷம் அது மாறியது. தொந்தி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக, மடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வாசல் மரப்பெஞ்சில் மாமா உட்கார்ந்ததும் நான் ஏறிக்கொள்வேன். அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்பார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வேன். சட்டை தொளதொளவென்று ஆனது. "வெயில்ல அலையிறாக, இளைக்காம என்ன செய்யும்?" என்றாள் அம்மா. ரிக்‌ஷாக்காரர் பாலத்தில் இறங்காமலே மிதித்து வந்தார். "பாலத்த மட்டம் பண்ணிட்டாக போலண்ணே" என்று அவர் சொல்ல, பட்டறையே சிரித்தது. கொல்லையில் மாமா ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்த்ததை நான்தான் பார்த்தேன். அல்வாவுக்கு வந்த எறும்புகள் வழி தவறிவிட்டன என்று நினைத்து அவற்றுக்காக வருத்தப்பட்டேன்.

வைகாசியில் திருவாதவூரில் ஒரு கல்யாணம். நாற்காலிகள் புதியவை, எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல ஒருக்களித்தாராம். நாற்காலி மடங்கி அவர் மல்லாந்த சத்தத்தையும் அதற்குக் கிளம்பிய கூச்சலையும் கேட்ட மேளக்காரர்கள், தங்களுக்குத்தான் சைகை என்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போது தாலியைக் கையில்கூட எடுத்திருக்கவில்லை.

மறுநாள் வாடகைக் கடை பாய் அத்தனை நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"பெரியவருக்கு இடுப்பு பிடிச்சதோட போச்சு. மண்ட ஒடைஞ்சிருந்தா என்னண்ணே செய்வேன்? இனிமே உங்க சேரு நமக்கு வேணாம்."

பாய் வேண்டாம் என்றால் ஊரில் மற்ற வாடகைக் கடைகளும் வாங்காது. பட்டறையை மூட வேண்டியதுதான். அப்பாவின் பார்வை வெல்டர் அண்ணன்மேல் போயிற்று. அவர் உடைந்த நாற்காலியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கண்ணே, வெல்டு அப்பிடியே நிக்கிது. பைப்புதான் மடங்கியிருக்கு."

"பைப்பு மடங்குறதா இருந்தா மச்சான் உக்காரயிலேயே மடங்கியிருக்கும்ல? அவுக பாத்துவிட்ட சேருடா அது."

மாமாவைச் சந்தேகிப்பது தராசின் படிக்கல்லைச் சந்தேகிப்பது மாதிரி.

வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் மாமாவுக்கு ஆள் போனது. பாயின் கண்முன்னே மாமா ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார், சாய்ந்தார், ஒருக்களித்தார். நடுநடுவே நின்று தண்ணீர் குடித்தார். ஒன்றுகூட முனகவில்லை.

"பாத்தீகளா பாய்? இம்புட்டுலயும் பழுதில்ல. அந்த ஒண்ணுலதான் இவன் கை அசந்திருக்கு" என்றார் அப்பா. பிறகு வெல்டர் அண்ணனைப் பார்க்காமலே, "சனிக்கிழமையோட நின்னுக்கப்பா" என்றார்.

வெல்டிங் எதுவும் ஓடாத அந்த நேரத்தில் வெல்டர் அண்ணன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அல்வா வந்தது. மாமா களைத்துப்போய், கடைசியாகச் சோதித்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்துத் தொடையைத் தட்டினார். "வா தாயி, பாதி உனக்கு." நான் ஓடிப்போய் மடியில் ஏறினேன். அல்வாவை என் வாயில் ஊட்ட அவர் ஒரு பக்கமாகத் திரும்பியபோது நாற்காலியின் கால் நிதானமாக, அவசரமே இல்லாமல் மடங்கியது.

மாமா தரையில், மாமாமேல் நான், என் பாவாடைமேல் அல்வா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை. பாய் ஓடிவந்து மாமாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். பெரிய பாரத்துக்குத் தயாராக வந்தவர், தூக்கிய வேகத்தில் தானே பின்னால் தடுமாறினார்.

"என்னண்ணே, பஞ்சாட்டம் இருக்கீக?"

அப்பா மாமாவை அப்போதுதான் பார்த்தார். அதுவரை நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இருட்டுவதற்குள் மாமா தன் மண்டியிலேயே மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றப்பட்டார். பட்டறை தொடங்கிய காலத்தில் ஒருமுறை பெருமைக்காக அதில் ஏறியவர், அதற்கப்புறம் ஏறியதில்லை. பழைய எடை அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. நான் அடம்பிடித்ததால் என்னையும் ஏற்றினார்கள். மாமாவிடம் குறைந்திருந்தது கிட்டத்தட்ட என் எடை. கிட்டத்தட்ட என்ற சொல்லை அலுவலக அறிக்கைகளில் நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை, இங்கே இருக்கட்டும்.

பிறகு அப்பா பழைய பைப்பில் ஒரு துண்டும் புதிய பைப்பில் ஒரு துண்டும் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பைப்புக் கடைக்காரர் கனம் குறைந்த பைப்பைத் தலையில் கட்டியிருந்தார். பழைய மாமாவாக இருந்தால் முதல் நாற்காலியிலேயே கண்டுபிடித்திருப்பார். பாய்க்கு வேறு பைப்பில் எல்லாம் புதிதாகச் செய்து கொடுக்கப்பட்டது. சனிக்கிழமை வந்தது, வெல்டர் அண்ணன் வேலையை விட்டு நிற்கவில்லை. அப்பா அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "காப்பி சாப்ட்டியாடா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சர்க்கரை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வெல்ல மண்டிக்காரர் சர்க்கரை வியாபாரமும் தொடங்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

அதற்கப்புறம் பட்டறையில் மணல் மூட்டைகள் உட்கார்ந்தன. எடை மாறாது, அல்வா கேட்காது, மாதத்துக்கு ஒருமுறை அப்பா அவற்றையும் தராசில் போட்டுப் பார்ப்பார். நடைமுறை என்ற வகையில் இன்றும் என்னால் அதில் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கு அந்த மூட்டைகளைப் பிடிக்கவில்லை. நான் விழுந்து சிரித்ததால்தான் மாமாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நம்பினேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை மாமா வருவார். சர்க்கரை இல்லாத காப்பியோடு மரப்பெஞ்சில் உட்கார்ந்து மூட்டைகளை வேடிக்கை பார்ப்பார். "அதுக்கு ஒருக்களிக்கத் தெரியுமா மாப்ள?" என்று அப்பாவைச் சீண்டுவார். நான் மடியில் இருப்பேன். இப்போது நிறையவே இடம் இருந்தது.

"மாமா, மறுபடியும் தொந்தி வேணாம். இப்பிடியே இருங்க" என்றேன் ஒருநாள்.

"இப்பிடியே இருந்தாப் போதும் தாயி" என்று மாமா சிரித்தார்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதில் இன்னும் பாதிக் காப்பி இருந்தது. மாமா குடித்து முடிப்பதற்குள் ஏன் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்று எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது.