நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

செத்துப்போக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அதை இன்னொருத்தரிடம் எடுத்துச் சொல்வதற்காகத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். புரியவில்லை என்றும் நினைக்காதீர்கள். தெரிந்தேதான் விட்டேன். விட்ட இடத்தில் வேறொன்றை வைத்து, சொன்னவளையும் ஏமாற்றினேன், கேட்டவரையும் ஏமாற்றினேன். பத்து வருஷம் ஆகிவிட்டது... இன்றுவரை ஒரு ஜீவனிடமும் இதைச் சொன்னதில்லை.

எப்படி முடிந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கும் அதுதான் கேள்வி.

எழுபதுகளின் கடைசி. நானும் கஸ்தூரியும் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். நான் டவுன்காரி, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மகள், கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் வருஷத்தில் கஸ்தூரி மாறிப்போனாள். தூக்கம் போயிற்று. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாள். வகுப்பில் அவள் புத்தகம் காலையில் திறந்த பக்கத்திலேயே சாயங்காலம் வரை கிடக்கும். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள்.

அவள் அம்மா காத்து கருப்பு என்று பயந்து கயிறு மந்திரித்துக் கட்டினாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற இழுத்துக்கொண்டு நடந்தாள். கல்லூரியிலோ, காதல் தோல்வி என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஆள் யார் என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது! பேயும் இல்லை, பையனும் இல்லை. இதுதான் காரணம் என்று எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை. அதை யாரும் நம்பத் தயாராக இல்லை, நான் உட்பட.

அந்தச் சமயத்தில்தான் எல்சாம்மாவைப் பார்த்தேன். வெள்ளைக்காரி. செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். மனம் நொந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவர் ஊரில் அவருக்குத் தொழில். இப்படியும் ஒரு தொழிலா என்று நான் வாயைப் பிளந்தேன். உங்கள் கல்லூரிப் பெண்களுக்கு மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவார்கள் என்று கேட்டார். யாரிடமும் போக மாட்டார்கள் என்றேன். அப்படியானால் சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வரட்டும், காசு வேண்டாம், இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்றார்.

ரகசியமாக நாலைந்து பெண்கள் வந்தார்கள். வீட்டில் 'இங்கிலீஷ் ஸ்பெஷல் கிளாஸ்' என்று சொல்லிவிட்டு வருவார்கள். வேறென்ன சொல்ல முடியும்? மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாள் என்று வெளியே தெரிந்தால் பைத்தியக்காரப் பட்டம்தான். அப்புறம் அந்த வீட்டு வாசலை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் மிதிக்க மாட்டார்கள். கஸ்தூரியை நான்தான் கெஞ்சிக் கூட்டிப் போனேன்.

எல்சாம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நான்! முதல் நாளே அவர் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். அவர்கள் சொல்வதை அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே, உனக்குப் பிடிக்காத பேச்சாக இருந்தாலும் சொல் என்றார். ஆகட்டும் என்றேன். பெரிய மனுஷி மாதிரி தலையை வேறு ஆட்டினேன்.

அந்த அறையில் நாற்காலி கிடையாது. பாய் மட்டும். ஜன்னலைத் திறந்தால் மலை. யாராவது அழுதால் எல்சாம்மா ஒன்றுமே பேசாமல் காத்திருப்பார். எனக்கு அது தாங்காது. நம் வீடுகளில் அழுகிறவளை அப்படி விட்டு வைப்போமா? "சரி விடு, கண்ணைத் துடை" என்று சொல்லி மூடி வைத்தால்தான் நமக்கு நிம்மதி. அவர் மூடுவதற்கு விடவே மாட்டார்.

சில வாரங்கள் கஸ்தூரி தலைவலி, தூக்கம், பாடம் புரியவில்லை என்று மேலாகவே பேசினாள். நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். உன் இங்கிலீஷ் அழகாக இருக்கிறது என்று எல்சாம்மா பாராட்டினார். அதில் எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.

கஸ்தூரி வெகு நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்கு இருக்கவே புடிக்கலடி. செத்துட்டா தேவலன்னு தெனமும் தோணுது. இன்னிக்கு காலைலகூட தோணுச்சு. அவங்ககிட்ட இதச் சொல்லு."

எல்சாம்மா என்னைப் பார்த்தார். கஸ்தூரியும் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறதாம், படிப்பு பாரமாக இருக்கிறதாம்... என்று சொன்னேன். அந்த அழகான இங்கிலீஷில்!

ஏன்? ஏன் அப்படிச் செய்தேன்? அன்றிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். வெளியே கிளம்பினால் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம். சின்ன வயசில் ஒருநாள் கோபத்தில், நான் செத்துப்போறேன் என்று கத்திவிட்டேன். அம்மா வாயிலேயே அறைந்தாள். தேவதைகள் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடுமாம், நல்லதோ கெட்டதோ வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமாம். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற சிநேகிதியைப் பார்த்து அந்தச் சொல்லை இன்னொரு தடவை, இன்னொரு பாஷையில், என் வாயால் சொல்வதா? நாக்கு எழவில்லை.

இது ஒரு காரணம். நல்ல காரணம் போலத் தெரிகிறது, இல்லையா? நானும் ரொம்ப நாள் இதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். இன்னொன்றும் உண்டு. சொன்னால் எல்சாம்மா பதறி கல்லூரிக்கோ வீட்டுக்கோ செய்தி அனுப்புவார், ஸ்பெஷல் கிளாஸ் குட்டு உடையும், கூட்டிப் போனவள் யார் என்று என் அப்பா கேட்பார். இந்தப் பயமும் அந்த ஒரு நொடிக்குள் வந்துபோயிற்று. எது முந்தி வந்தது என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது. என் சத்தியத்துக்கு மதிப்பும் இல்லை.

களைப்பு என்று கேட்ட எல்சாம்மா என்ன செய்வார்? பரிவாகச் சிரித்தார். கஸ்தூரியின் கையைத் தட்டிக்கொடுத்தார். இந்த வயசில் பலருக்கும் இப்படி இருக்கும், நன்றாகச் சாப்பிடு, சாயங்காலத்தில் கொஞ்சம் நட, அடுத்த வாரம் வா என்றார்.

அதை மட்டும் ஒரு எழுத்துக்கூட விடாமல் தமிழில் சொன்னேன்.

கஸ்தூரி எல்சாம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். செங்கம் சாலையில் அவள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில், "நான் போறேன்டி" என்றாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று நான் அவளைத் திருத்தினேன். ஆமாம், திருத்தினேன்! அவள் தன் ஊர்ப் பக்கம் நடந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் செய்தி வந்தது. என்ன செய்துகொண்டாள் என்பதை எழுத மாட்டேன். பிழைத்துவிட்டாள். அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு ஓடியபோது என் செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்றே எனக்குத் தெரியாது.

வராந்தாவில் அவள் அம்மா சுருண்டு கிடந்தாள். உள்ளே கஸ்தூரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னைக் காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் தேவலை. அவள் சொன்னது இது:

"அவ்ளோ கஷ்டப்பட்டுச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க, பாத்தியா? எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குதாம். அப்போ எனக்குத்தான் தாங்கத் தெரியலன்னு நெனச்சேன்."

எனக்கு அவள் சாக நினைத்தது கூட அவ்வளவு அதிர்ச்சி இல்லை... அந்தச் சிரிப்பு! நான் செய்து கொடுத்த சிரிப்பு! தன் வேதனையைக் கேட்டு உலகமே சிரித்துத் தட்டிக்கொடுத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு இவள் வீட்டுக்கு நடந்திருக்கிறாள். பக்கத்தில் நான் வேறு நடந்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவங்க கேக்கவே இல்லடி, நான்தான் சொல்லல என்று ஒரே வரி. அவள் தலையைக் கோதிவிட்டு, "சரி விடு" என்றேன்.

மறுநாள் எல்சாம்மா என் வீட்டுத் தெருமுனையில் சைக்கிளோடு காத்து நின்றார். கண் வீங்கியிருந்தது. அவள் என்றைக்காவது இப்படி ஏதாவது சொன்னாளா, நான்தான் கவனிக்காமல் விட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்படியாக இரண்டாவது பொய். அவர் என் தோளைத் தொட்டு, உன்மேல் தப்பில்லை என்று எனக்கே ஆறுதல் சொன்னார்!

அதோடு சனிக்கிழமைகள் நின்றன. பக்கத்தில் இருந்தவளின் மனசைக் கண்டுபிடிக்கத் தெரியாத எனக்கு இந்தத் தொழில் எதற்கு என்றார் எல்சாம்மா. கொஞ்ச நாளில் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்? தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு வாக்கியம்... எத்தனை பேர்!

நீங்கள் நினைக்கலாம், அறியாத வயசு, பழைய கதை, அவள்தான் பிழைத்துவிட்டாளே என்று. நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். கஸ்தூரி மெல்ல மெல்லத் தேறினாள். படிப்பை முடித்தாள். கல்யாணம் ஆகி, இப்போது வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியிருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். மொழிபெயர்ப்புப் பாடத்தில் ஒரு சொல் விட்டாலும் மார்க்கைக் குறைக்கிற டீச்சர்! சிரிக்காதீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்தாள். அவள் நாத்தனார் விமலா கல்லூரியில் படிக்கிறாள். முன்பு பார்த்ததற்குப் பாதியாக இளைத்திருந்தாள். கூடத்துக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்த முகம்.

வேலூரில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாராம், கல்லூரிப் பெண்களைத் தனியாக உட்கார வைத்து, மனசில் இருப்பதைக் கேட்கிறாராம். லெக்சரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். "நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். அதைக் கேட்பதற்கே அவள் எத்தனை நாள் மென்று விழுங்கியிருப்பாளோ.

கஸ்தூரி கோபப்படவில்லை. எழுந்து போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவ்வளவு பிரியம். வேண்டாம்மா என்றாள். இந்த மாதிரி ஆட்களிடம் மனசைத் திறந்து காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், அந்த வலி இருக்கிற வலியைவிடப் பெரிது, நான் பட்டிருக்கிறேன் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும்தான் கூட இருந்த. நீயே இவகிட்ட சொல்லு. நான் அத்தனையும் சொல்லி முடிச்சதும் அந்தம்மா சிரிச்சாங்களா இல்லையா?"

விமலா என்னைப் பார்த்தாள். கடவுளே, எப்படிப் பார்த்தாள்! இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை.

"சிரிச்சாங்க" என்றேன்.

பொய் இல்லை பாருங்கள்! சிரித்தார்தான். இந்த விஷயத்தில் நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.

விமலா சரி என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மிச்சக் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தேன். கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டேன்.

உங்களிடம் இதை எழுத முடிகிறது. முகம் தெரியாத உங்களிடம் எதையும் எழுதலாம். அச்சில் பார்த்துக் கஸ்தூரியே தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு கோழை ஆசையும் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்ததுமே அவள் பெயரை மாற்றிவிட்டேன். ஊரைத் தவிர எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். மறுபடியும் வேறொன்றை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்... நான் திருந்தவில்லை.

விமலா வேலூருக்குப் போகவில்லை. இப்போது கல்லூரிக்கும் போவதில்லையாம். நேற்று அந்த வழியாக வந்தேன். அவள் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. கஸ்தூரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாயேன்டி, வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள்.

நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.