மிக்சி ஓடாத புதன்கிழமை

செயலாளரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். இதை ஜாடையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஜாடை பேசுவது உங்கள் வேலை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து விரதத்தில் சீரியல் பார்க்கக் கூடாது என்று சபையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். அதே நாட்களில் நீங்கள் உட்கார்ந்து சீரியல் பார்த்தீர்கள். பிறகு நான் பார்த்தேன் என்று மைக்கில் சொல்லி, ஈஸ்டர் சமையலிலிருந்து என்னை இறக்கிவிட்டீர்கள்.

எங்கள் சபை சின்னது. ஊரைச் சுற்றிக் கோயில்கள். நடுவில் ஒரு சந்துக்குள் எங்கள் ஆலயம். ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்டு. பதினெட்டு வருஷமாக அந்தக் குழம்பை நான்தான் வைத்தேன். எனக்குப் பாட வராது. வேதப்பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. கமிட்டியில் என்னைச் சேர்க்கவும் மாட்டார்கள், சேர்த்தால் பேசிவிடுவேன். அந்த ஒரு தவலைக் குழம்புதான் அந்த ஆலயத்தில் என் இடம். நாற்பது நாள் கறி தொடாமல் இருந்தவர்கள் முதல் வாய் என் குழம்பைத்தான் சாப்பிடுவார்கள். தனியாவும் மிளகும் சோம்பும் தனித்தனியாக வறுத்து, நெஞ்செலும்பு சேர்த்து, கடைசியில் பிஞ்சுக் கத்திரிக்காய் போட்டு இறக்குவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, செயலாளர் ரோஸ் கலரில் ஒரு அட்டை அச்சடித்துக் கொண்டுவந்தார். மேலே சிலுவைப் படம். கீழே, லெந்து நாட்களில் எங்கள் வீட்டில் சீரியல் பார்க்கமாட்டோம் என்று ஒரு வரி, கையெழுத்துப் போட ஒரு கோடு. அதை வாசல் கதவில் ஒட்ட வேண்டுமாம். சீரியல்தான் குடும்பங்களைக் கெடுக்கிறது, மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை மூட்டுகிறது என்று அரை மணி நேரம் பேசினார். கிரிக்கெட்டுக்கு அட்டை இல்லை. கிரிக்கெட் யார் பார்ப்பார்கள், சீரியல் யார் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆண்கள் பக்கம் ஒரு முகம்கூட வாடவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பக்கத்தில் ‘நான் மட்டும்’ என்று எழுதினேன். காரணம் என் மாமியார். நான் பிறந்ததிலிருந்து இந்தச் சபை. என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிய பிறகு ஞானஸ்நானம் எடுத்தார். அத்தை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், புரட்டாசியில் கறி தொடமாட்டார், மற்ற மாதங்களில் என் குழம்பில் இருக்கும் எலும்பு எல்லாம் அவருக்குத்தான். முட்டி வலியால் சாயங்காலம் எங்கேயும் போக முடியாது. ஏழு மணி சீரியல்தான் அவருக்கு வெளியுலகம். என் சாமிக்காக அவர் டிவியை அணைக்க நான் யார்? ‘நான் மட்டும்’ என்று எழுதியதைப் பார்த்துச் செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அட்டையை வாங்கி, முத்திரை குத்தி, திருப்பித் தந்தார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எனக்கும் அந்தச் சீரியல் பிடிக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கதை என்று சொல்லமாட்டேன். அதில் சமையலறையில் ஒருத்தியும் சமைப்பதில்லை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்று அழுகிறார்கள். இந்த ஊரில் பட்டு நெய்கிறவர்கள் வீட்டிலேயே பட்டு கட்டிக்கொண்டு எவளும் ரசம் வைப்பதில்லை. ஆனாலும் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, மற்றவர்களின் கஷ்டத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை விட்டேன். எங்கள் வீட்டில் கூடமும் சமையலறையும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கும், நடுவில் கதவு கிடையாது. காதை எங்கே வைப்பது? அதனால் ஏழு மணிக்குப் பாட்டு ஆரம்பித்ததும் நான் மிக்சியைப் போட்டுவிடுவேன். தினமும் சட்னி. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, வெங்காயச் சட்னி, பீர்க்கங்காய்த் தோல் சட்னி. அரைத்ததையே மறுபடியும் அரைத்தேன். என் வீட்டுக்காரர் பட்டுக்கடையில் நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டு வந்து, மூன்றாவது வாரம் தட்டைப் பார்த்துக் கேட்டார், “உன் நேர்த்திக்கடன் எனக்கு எதுக்குமா?”

அத்தை கூடத்திலிருந்து சத்தம் போடுவார். “அந்த மிஷினை நிறுத்துமா. அவ அழுவறது ஒண்ணும் கேக்கமாட்டேங்குது.” நான் நிறுத்தவில்லை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை மிக்சி புகைந்துவிட்டது. பின்னே, எத்தனை சட்னி தாங்கும்? ரிப்பேர் கடைக்காரர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்றார். பங்குனி உற்சவக் கூட்டத்தில் ஆள் வரவில்லை, வியாழக்கிழமைதான் கிடைக்கும் என்றார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மிக்சி இல்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது கூடத்தில்தான் இருந்தது. கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். இதை யாரும் என்னிடம் பிடுங்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். யாரோ ஒரு மாமியார் கோர்ட்டில் நின்று ஒரு நகைப்பெட்டியைப் பற்றிப் பேசினாள். எந்தப் பெட்டி, யாருடையது, எப்போது தொலைந்தது, ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஐந்து வாரமாக நான் பார்க்கவில்லையே, எப்படிப் புரியும்?

அந்தப் புதன்கிழமை எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஏழரை மணிக்கு. தேர் வருவதால் தெருவை மறித்துவிடுவார்கள் என்று செயலாளர் சீக்கிரமே கிளம்பி, வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். ஏழு பத்துக்கு வாசலில் வந்து நின்றவர் கதவைத் தட்டவில்லை. நின்று கேட்டிருக்கிறார், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். சீரியல் முடிந்து, அத்தை டிவியை அணைத்து, உள்ளறைக்குப் போன பிறகுதான் கதவைத் தட்டினார். இருபது நிமிஷம் என் வாசலில் நின்று என்ன செய்தீர்கள் செயலாளரே?

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகப் பாடினார், நீளமாக ஜெபம் பண்ணினார், சுண்டல் இரண்டு தடவை வாங்கினார். அவர் போன பிறகு அத்தை சொன்னார், “பாட்டு நல்லாத்தான் பாடறாரு. சுண்டலு அதவிட நல்லா துன்றாரு.”

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் மைக் பிடித்தார். ஒரு வீட்டில் வாசலில் சிலுவை அட்டை ஒட்டியிருக்கிறதாம், உள்ளே சீரியல் ஓடுகிறதாம், அந்த வீட்டுக் கையால் சபை ஈஸ்டர் விருந்து சாப்பிடலாமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டுமாம். பெயர் சொல்லவில்லை. ஈஸ்டர் விருந்து எந்த வீட்டுக் கை என்று அங்கே யாருக்குத் தெரியாது? என் பக்கத்து வரிசையிலிருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பதினெட்டு வருஷம் என்னிடம் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கியவர்கள்.

ஆராதனை முடிந்து ஆயரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆயர் நல்லவர், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர் பக்கம் சாய்வார். செயலாளர் சாட்சி சொன்னார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

“நான் என் காதால கேட்டேன் ஆயரே. அந்த மாமியாரு நகைப்பெட்டியத் தூக்கினு கோர்ட்டுக்கு வருது பாருங்க, அந்தக் கட்டம். மூணு வாரமா அந்தப் பெட்டிய வெச்சே இழுத்துக்கினு இருந்தான், அன்னிக்குத்தான் தொறந்தான். அவ்ளோ தெளிவா வாசல் வரைக்கும் கேக்குது.”

நான் பார்க்கவில்லை, பார்த்தது என் மாமியார், அவர் அட்டையில் கையெழுத்துப் போடவில்லை என்றேன். மிக்சி கதையையும் சொன்னேன். செயலாளர் சிரித்தார். “மிக்சி மேல பழியா?” என்றார். ஆயர் தாடையைத் தடவிக்கொண்டு, இந்த ஒரு வருஷம் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினெட்டு வருஷ வேலையை ஓய்வு என்று சொல்லிப் பிடுங்கினார்கள். நான் சரி ஆயரே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டே அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பாதிக் காதில்தான் கேட்டார். பெட்டி என்றதும் சத்தத்தைக் குறைத்தார்.

“இன்னா சொன்னாரு? திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னேன்.

“மூணு வாரமான்னா சொன்னாரு?”

“ஆமா அத்தை.”

விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “கரெக்டாத்தாம்மா சொல்லிக்கிறாரு. அந்தப் பொட்டி காணாம போனதே உங்க சாம்பல் புதன் கயிஞ்சு ரெண்டாவது வாரந்தான். நீ சட்னி அரைச்சிக்கினு இருந்த, உனக்கு இன்னா தெரியும்? ஒரே ஒரு நாளு வாசல்ல நின்ன மனுசனுக்கு எப்டிமா தெரியும், மூணு வாரமா இழுத்தான்னு?”

நான் அரிவாள்மணையை விட்டு எழுந்தேன். ஆயரின் அறையில் இது எனக்கு உறைக்கவே இல்லை. எப்படி உறைக்கும்? விரதம் இருந்தவளுக்கு அந்தப் பொய் தெரியாது. விரதம் இல்லாத என் மாமியாருக்குத்தான் தெரிந்தது. மூன்று வாரமும் அந்தப் பெட்டி பின்னாலேயே போனவர்தான் அப்படிச் சொல்ல முடியும். அதைத் திறந்தபோது அவருக்கு அப்பாடா என்று இருந்திருக்கிறது. அந்த நிம்மதி சாட்சி சொல்லும்போது வாயில் வந்துவிட்டது.

அத்தை எங்கள் ஆலயத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “நானே வந்து உங்க சர்ச்சுல சொல்றேன்” என்றார். வேண்டாம் என்றேன். செயலாளர் நிற்க வேண்டிய இடத்தில் என் மாமியார் எதற்கு நிற்க வேண்டும்?

ஆயரிடம் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, பண்டிகை வருகிறது, சமாதானமாகப் போவோம் என்றார். சமாதானம் என்றால் எங்கள் ஊரில் ஒருத்தி வாயை மூடிக்கொள்வது.

வழக்கமாகக் கறி வாங்கும் பாய் கடைக்குப் போனபோது அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். செயலாளர் ஒரு சமையல்காரரோடு வந்து ஆர்டர் கொடுத்தாராம். எலும்பில்லாமல் வேண்டும் என்றாராம். “எலும்பு இல்லாம கொழம்புக்கு எங்கம்மா ருசி வரும்?” என்று பாய் என்னைக் கேட்டார். அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஈஸ்டர் அன்று போனேன். போகாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்பார்கள். முதல் தடவையாகப் பந்தியில் உட்கார்ந்தேன். கடை மசாலாத்தூளைக் கரைக்காமல் கொட்டியிருந்தார்கள், மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் மிதந்தது. கறி ரப்பர். எனக்கு எதிரில் இருந்த ஒருவர் சர்க்கரை கேட்டு வாங்கி இட்லிக்குத் தொட்டுக்கொண்டார். கறிக்காக நாற்பது நாள் காத்திருந்த மனிதர்.

குழம்பு வாளியோடு செயலாளரே வந்தார். “நல்லா சாப்பிடுமா. இன்னிக்கு உனக்கு ரெஸ்ட்டு.”

“ஐயா, அந்த நகைப்பெட்டிய மூணு வாரமா இழுத்தான்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. “இட்லி ஆறுது பாரு” என்று சொல்லி அடுத்த இலைக்குப் போனார். அடுத்த இலையில் ஏற்கெனவே குழம்பு இருந்தது. அதன் மேலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். தவலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கெஞ்சவில்லை. நீங்கள் சீரியல் பார்த்ததில்கூட எனக்குக் கோபம் இல்லை, பார்த்துவிட்டுப் போங்கள். மூன்று நாள் நானும் காதால் கேட்டேன், அதை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு வேறு யாரோ கதை சொன்னார்கள் என்றால் அது யார் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு வாசலிலும் அதே ரோஸ் அட்டை ஒட்டியிருக்கிறது, அதில் ‘நான் மட்டும்’ என்று யாரும் எழுதவில்லை.

என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். ஆயர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். வருகிற ஞாயிறு, அறிவிப்பு நேரம், அதே மைக். சபை முழுக்க உட்கார்ந்திருக்கும், நான் முதல் வரிசையில் இருப்பேன். அந்தப் பெட்டி மூன்று வாரம் திறக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.