போய்ச் சேரும்வரை பெருக்காத வீடு

ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவளுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தூசியாகக் கிடைக்கும். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதிலிருந்து ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று சேதி சொல்லும்வரை என் மாமியார் வீட்டைப் பெருக்கமாட்டார். வெளியூர் கிளம்பியவர் போய்ச் சேருமுன் துடைப்பத்தை எடுத்தால், போனவரையே வாரிக் கொட்டியதாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகிறவளுக்கு இது சரி. பஸ் போய்ச் சேருவதற்குள் எந்த வீடும் குப்பைமேடாகிவிடாது. நான் போவது வியட்நாம், ஆர்மீனியா என்று. விமானம் மாறி, பஸ் மாறி, ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பையை இறக்கிவைப்பதற்குள் எங்கள் கூடத்தில் கீரை விதைத்தால் முளைத்துவிடும்.

ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை. வேலையை விட்டுவிட்டுப் பயண வலைப்பூவே பிழைப்பு என்று நான் இறங்கியபோது, அண்ணாகிராமத்துச் சொந்தங்கள் எல்லாம் திரண்டு வந்து, பொம்பளை தனியாகப் போவதா என்று கேட்டன. “அவ போயிப் பாத்துட்டு வந்து சொன்னாத்தானே நமக்கும் தெரியும்” என்று ஒரே வரியில் அவர்கள் வாயை அடைத்தவர் இதே மாமியார், என் அத்தை. அதற்குப் பிறகு அவர் வீடு பெருக்காவிட்டால் என்ன, வெள்ளையடிக்காவிட்டால்தான் என்ன?

ஜார்ஜியாவுக்கு டிக்கெட் எடுத்து மாதக்கணக்கான பிறகு, என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியது. அவர்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமை, நான் மலைமேல் இருக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமை. நாத்தனாருக்கு முப்பது தாண்டிவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வந்து பார்த்து, கேசரி தின்று, கை கழுவிவிட்டுப் போனவர்கள் பலர். ஒருத்தர் நிறத்தைச் சொன்னார், ஒருத்தர் வயதைச் சொன்னார், ஒருத்தர் பதிலே சொல்லவில்லை. “இதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கமாட்டேன்” என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பயணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்றேன். “உன்னையா பொண்ணு பாக்க வராங்க? போயிட்டு வாம்மா” என்று அத்தை என்னை அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை காலை ஜார்ஜியாவில் இறங்கி, விமான நிலையத்திலிருந்து கணவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மலைக்குப் போகும் சிற்றுந்தில் ஏறினேன். பாதி வழியில் பாறை சரிந்து சாலை அடைபட்டது. பள்ளத்தாக்கில் செல்போனுக்குச் சிக்னல் துளியும் இல்லை. உடன் வந்தவர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துப் பகிர்ந்தார்கள்; நான் பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாலை திறந்தது மறுநாள் காலையில்தான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது நல்ல பொழுது. வீட்டில்தான் நிலைமை வேறு.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் அதைத் தளர்த்திக்கொண்டு, கணவரும் அத்தையும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

விமான நிலையத்துச் செய்தியை அத்தை ஏற்கவில்லை. “பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு வந்துட்டேன்னு சொன்னா ஆச்சா? தங்குற எடத்துக்குப் போவணும்” என்றுவிட்டார். ஞாயிறு விடிந்ததும் என் வலைப்பூவில் புதிய கட்டுரை ஒன்று வந்தது. அத்தைக்கு உயிர் வந்து துடைப்பத்தைக் கையில் எடுத்திருக்கிறார். என் கணவர் சும்மா இருந்திருக்கலாம். “அம்மா, அது தானா வர்றது. போன வாரம் இங்க உக்காந்து எழுதி, நேரம் குறிச்சு வச்சிட்டுப் போனா” என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். துடைப்பம் மறுபடி கதவுக்குப் பின்னால் போனது.

பலாப்பழக் காலம் வேறு. சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து போட்ட பழத்தை முந்தின நாள் கூடத்தில் அறுத்திருந்தார்கள். நாரும் பிசினும் ஈயும் அங்கேயே இருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வாசல்தான் பெரிய வினை. பெருக்கினால்தானே தண்ணீர் தெளிக்க முடியும், தெளித்தால்தானே கோலம் போட முடியும்? கோலம் இல்லாத வாசல் என்றால் அந்த வீட்டில் துக்கம் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்தால் தெருமுனையிலேயே காரைத் திருப்பிவிடுவார்கள். அத்தை துடைப்பத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாராம். ஒரு பக்கம் பெற்ற மகள், ஒரு பக்கம் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத மருமகள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கி வாசலைப் பார்த்தார். அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களும் பூத்தட்டோடு நின்றுவிட்டார்கள்.

“ஏங்க, வாசல்ல கோலம் காணோம்? எதாச்சும் ஆயிடுச்சா?”

அத்தை மறைக்கவில்லை. “மருமவ ஃபாரின் போயிருக்கா. போயிச் சேந்தாளா இல்லையான்னு இன்னும் தெரியல. எப்படிங்க பெருக்குறது?”

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றினார். “எங்க வூட்டுக்காரரு மொத தடவ மஸ்கட்டு போனப்போ, சேதி வர்ற வரைக்கும் நான் பெருக்க வுடலியே. எங்க மாமியாருக்கும் எனக்கும் அன்னைக்குப் புடிச்ச சண்ட” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, நாரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கூட வந்த சனமும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தது.

கேசரி தட்டில் ஏறும் நேரத்தில்தான் நான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். கணவர் முகத்தை எதிர்பார்த்த இடத்தில், மூக்குத்தி போட்ட, முன்பின் தெரியாத ஓர் அம்மாள்.

“நீதானாம்மா அது? சேந்துட்டியா?”

“சேந்துட்டேங்க. நீங்க…?”

“அத அப்பறம் பேசிக்கலாம். சாப்ட்டியா?” என்றவர் திரும்பி, “ஏங்க, சேந்துடுச்சாம், தொடப்பத்த எடுங்க” என்றார்.

இனி நான் என் கண்ணால் பார்த்தது. யாரோ போனைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அத்தை கூடத்தைப் பெருக்குகிறார். மாப்பிள்ளை வீட்டார் பட்டுப்புடவையும் வேட்டியுமாக, நாற்காலிகளில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டதும், அந்த அம்மாள் எல்லோரையும் எழுப்பி வெளியே அழைத்துப்போய், வலது கால் வைத்து மறுபடி உள்ளே கூட்டிவந்தார். நான் சிரித்த சிரிப்பில் விடுதிக்காரப் பெண்மணி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். அவளுக்கு இதை எந்த மொழியில் விளக்குவது?

அன்றைக்கே சம்பந்தம் பேசி முடித்தார்கள். வைகாசிக்குள் கல்யாணமும் ஆயிற்று. என் மாமியார் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அப்படிச் சொல்லும்போது அத்தை குறுக்கே வந்தார். “நான் எங்க வுட்டுக்குடுக்காம இருந்தேன்? மன்னிச்சுக்கம்மான்னு உன்ன நெனச்சுக்கிட்டு வாசலப் பெருக்கக் குனிஞ்சுட்டேன். என் மவதான் கையிலேருந்து புடுங்கிக் கதவுக்குப் பின்னாடி வச்சா. கார் வந்து நிக்கிறப்பவும் குறுக்கால நின்னுக்கிட்டிருந்தா.”

அன்று மாலையே பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். நாத்தனார் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இதுதான் கடைசி என்று சொன்னவள் ஏன் அப்படிச் செய்தாய், அவர்கள் திரும்பிப் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க சேந்தீங்களான்னு கேக்காம, கோலம் இல்லன்னு திரும்பிப் போற வீடு எனக்கு எதுக்கு அண்ணி?”